எதிர்க்கருத்தைக் கேட்டு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"எதிர்க்கருத்துக்கும் காது கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் பலருக்கு அது நல்லொழுக்க வகுப்பு மாதிரிதான் கேட்கும். பெருந்தன்மை, பரந்த மனம், சகிப்புத்தன்மை என்று நல்ல நல்ல வார்த்தைகள் வந்து விழும். தலையாட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இங்கே பேச்சு வேறு. எதிர்த்தரப்பைக் கேட்பதால் எழுதுகிறவருக்குச் சொந்த லாபம் ஒன்று உண்டு. தான் சொல்வது எது வரைக்கும் செல்லுபடியாகும், எந்த இடத்தில் நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியவரும். அந்த எல்லை தெரிந்து எழுதிய வாக்கியம் படிக்கும்போதே தனியாகத் தெரியும். மனம் மாறுவதெல்லாம் இரண்டாம்பட்சம். மாறலாம், மாறாமலும் போகலாம்.

1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஓர் எளிய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிப்படி அமைந்தவை, அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்பார். நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லலாம்; விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று அவர் பதில் தருவார். பெரும்பாலோர் "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்பதை மனதில் வைத்துக்கொண்டு 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் "பொருந்துகிறது" என்றே பதில் வந்தது. தெம்பாக விதியைச் சொன்னார்கள், தப்பு. எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. 5, 17, 90 என்று ஒரே ஒருமுறை கேட்டுப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். தங்கள் ஊகம் சரியென்றால் "பொருந்தாது" என்று பதில் வர வேண்டிய கேள்வி அது. அப்படி ஒன்றைக் கேட்கப் பலருக்குத் தோன்றவே இல்லை.

எழுத உட்காரும்போது நாமும் 8, 10, 12 என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே நம்புவதை ஆதரிக்கும் கட்டுரைகளைத் தேடுகிறோம், ஆமாம் போடும் நண்பரிடம் வரைவைக் காட்டுகிறோம். 5, 17, 90 என்று கேட்க இன்னொருவர் வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒருவர் கட்டுரை எழுதப் போகிறார். அவருடைய கருத்து: "தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது." இதற்கு எதிர்க்கருத்து உள்ளவர்களைக் கேட்ட பிறகு இந்த வாக்கியம் என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

படி 1: உங்கள் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, "எப்படி?" என்று கேளுங்கள்

யாரிடமும் பேசப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நீங்கள் நம்புவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் வரவில்லை என்றால் கருத்து இன்னும் உருவாகவில்லை, உணர்வு மட்டும்தான் இருக்கிறது என்று பொருள். அதில் தப்பில்லை, எழுத இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, "ஏன் சரி?" என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, "இது எப்படி நடக்கும்?" என்று படிப்படியாக எழுதிப் பாருங்கள். ஏன் என்று கேட்டால் காரணங்கள் அருவியாகக் கொட்டும். எப்படி என்று கேட்டால்தான் திணறுவோம். லியோனிட் ரோசன்ப்ளிட், ஃபிராங்க் கீல் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஜிப், பூட்டு போன்ற அன்றாடச் சாதனங்கள் இயங்கும் விதம் உங்களுக்கு எந்த அளவு தெரியும் என்று கேட்டபோது மக்கள் தங்களுக்குத் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். சரி, விளக்கி எழுதுங்கள் என்றதும், எழுதி முடித்தபின் அந்த மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்.

நம் கட்டுரையாளர் எழுதிப் பார்க்கிறார். வீட்டுப்பாடம் நின்றால் பிள்ளைக்கு மாலை நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் பிள்ளை விளையாடும். விளையாடினால் மறுநாள் உற்சாகமாகப் படிக்கும். இரண்டாவது வரியிலேயே சந்தேகம் வருகிறது: விளையாடுமா, திரைக்கு முன்னால் உட்காருமா? இந்த ஓட்டையை அவரே கண்டுபிடித்தது நல்லதுதான். எதிர்த்தரப்பிடம் போகும்போது கேட்பதற்கு அவர் கையில் ஒரு கேள்வி இருக்கும், வெறும் வீராப்பு இருக்காது.

படி 2: யாரைக் கேட்பது?

பலரும் சறுக்கும் இடம் இது. எதிர்த்தரப்பில் கண்ணில் படும் முதல் ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். சமூக ஊடகத்தில் கண்ணில் படும் முதல் ஆள் அநேகமாக அந்தத் தரப்பிலேயே அதிகம் கத்துகிறவராகத்தான் இருப்பார். அவரை மடக்கிவிட்டு, "எதிர்க்கருத்தையும் கேட்டேன், அதில் சரக்கு இல்லை" என்று திரும்பினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் இதைக் கறாராகச் சொல்கிறார். தன் தரப்பு மட்டும் தெரிந்தவனுக்கு அந்தத் தரப்பும் சரியாகத் தெரியாது என்பது அவர் வாதம். எதிர்வாதங்களைத் தன் ஆசிரியர்கள் வாயிலாக, அவர்கள் சொல்லும் விதத்தில், அவர்கள் தரும் மறுப்போடு சேர்த்துக் கேட்டால் போதாது. அவற்றை உண்மையாகவே நம்பி, முழு மூச்சாக வாதாடுகிறவர் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்கிறார். நம்மில் பலர் எதிர்க்கருத்தை அறிவது நம் பக்கத்து ஆட்கள் செய்யும் கேலி வழியாகத்தான். அது கணக்கில் சேராது.

"நண்பர் ஒருவரை எதிர்த்தரப்பு மாதிரி வாதாடச் சொன்னால் என்ன?" என்று கேட்கலாம். ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் நடிப்பு எதிர்ப்புக்கும் நிஜ எதிர்ப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது. சார்லன் நெமத் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், குழுவில் ஒருவருக்கு எதிர்ப்பாளர் வேடம் கொடுத்து வாதாட வைத்தபோது மற்றவர்கள் பெரும்பாலும் தங்கள் பழைய நிலைப்பாட்டுக்கே மேலும் காரணம் தேடினார்கள். உண்மையாகவே மாறுபட்டவர் பேசியபோதுதான் புதிய யோசனைகள் பிறந்தன. வேடம் என்று தெரிந்தால் நம் மூளை சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை போலும்.

ஆள் தேட மூன்று அடையாளங்களைச் சொல்லலாம். அந்தக் கருத்தால் அவருக்கு நேரடி அனுபவமோ இழப்போ இருக்க வேண்டும். தன் தரப்பின் குறை ஒன்றையாவது ஒப்புக்கொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும். உங்களை ஜெயிப்பதை விட விஷயத்தில் அவருக்கு அக்கறை அதிகம் இருக்க வேண்டும். பழைய இந்தியத் தருக்க மரபான நியாய சாத்திரம் இந்த மூன்றாவதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. உண்மையைத் தேடி இருவரும் பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாட்டையும் நிறுவாமல் எதிராளி சொல்வதை உடைப்பதற்காக மட்டுமே பேசுவது விதண்டை. முதல் வகை ஆள் கிடைத்தால் விடாதீர்கள். மூன்றாம் வகையோடு மாலைப் பொழுதைக் கழிக்க வேண்டாம்.

இரண்டு மூன்று பேர் போதும், ஆனால் வெவ்வேறு காரணத்துக்காக எதிர்ப்பவர்களாக இருக்கட்டும். நம் கட்டுரையாளர் மூன்று பேரைப் பார்க்கிறார்: தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், வேலைக்குப் போகும் தாய் ஒருவர், தான் அதிகம் படிக்காமல் பிள்ளையைப் படிக்க வைக்கும் தந்தை ஒருவர்.

நேரில் ஆள் கிடைக்கவில்லையா? அந்தத் தரப்பு ஆள் தன் ஆட்களுக்காக எழுதியதைப் படியுங்கள். எதிரிக்குப் பதில் சொல்ல எழுதியதை விட அதில் உண்மையான காரணங்கள் அதிகம் இருக்கும்.

படி 3: கேட்கும்போது பதில் தயாரிக்காதீர்கள்

எதிரே இருப்பவர் பேசும்போது நாம் பாதி நேரம் நம் அடுத்த வரியைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்போம். இதற்கு "கவனமாகக் கேளுங்கள்" என்ற அறிவுரையால் பயனில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் காது திறக்கும். அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். கணிதவியலாளரும் உளவியலாளருமான அனடோல் ராப்போபோர்ட் வற்புறுத்திய ஒழுங்கு இது. பின்னாளில் தத்துவவாதி டேனியல் டென்னெட் இதை எடுத்து விரித்தார். எதிராளியின் நிலைப்பாட்டை, அவரே "நானே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்" என்று நினைக்கும்படி திருப்பிச் சொல்வது முதல் வேலை. அடுத்து, எங்கே ஒத்துப்போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். பிறகு, அவரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்பது. இவ்வளவும் முடிந்தபின்தான் மறுப்பு.

நம் கட்டுரையாளர் அந்தத் தாயிடம் பேசும்போது அது இப்படிப் போகும்:

"நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு பாருங்க. வீட்டுப்பாடத்தால பிள்ளை கெட்டிக்காரனாயிடும்னு நீங்க சொல்லல. அது இல்லன்னா பள்ளியில என்ன நடக்குதுன்னே உங்களுக்குத் தெரியாமப் போயிடும்னு சொல்றீங்க. அதுதானே?"

"பாதி சரி. தெரியாமப் போறது மட்டுமில்ல. ராத்திரி அந்த அரைமணி நேரம்தான் நானும் அவளும் சேர்ந்து உக்கார்ற நேரம். அதையும் எடுத்துட்டா?"

இந்த இரண்டாம் பாதி, திருப்பிச் சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்காது. "அதேதான்" என்று அவர் சொல்லும் வரை விடாதீர்கள். முதல் முறையிலேயே "அதேதான்" என்று வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், மரியாதைக்காகச் சொல்லியிருக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தோன்றுவது: "உங்க பக்கத்துல சொல்ற காரணங்கள்ல எது உங்களுக்கே அவ்வளவா ஒப்பாது?" இதற்கு நேர்மையாகப் பதில் சொல்பவர் மற்றவற்றிலும் நேர்மையாகத்தான் பேசுவார். அடுத்து, "எதைப் பார்த்தா உங்க எண்ணம் மாறும்?" இதே கேள்வியை உங்களிடமும் திருப்பிக் கேட்பார். பதிலோடு போங்கள்.

குரல் உயர்ந்துவிட்டால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுவது மேல். கோபத்தில் சொன்ன வாதத்தை எழுத்தில் பயன்படுத்துவது நியாயமும் இல்லை.

படி 4: உறுத்துவதை உடனே எழுதி வையுங்கள்

இந்தப் படி சின்னது. ஆனால் இதைத் தவறவிட்டால் முன்னால் செய்த அத்தனையும் வீண். தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு செய்தியோ எண்ணமோ எதிர்ப்பட்டால் அதை உடனடியாக, தவறாமல் குறித்து வைத்துவிடுவதைப் பல ஆண்டுகள் பொன்விதியாகக் கடைப்பிடித்ததாக சார்லஸ் டார்வின் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சாதகமானவற்றைவிட இவை சீக்கிரம் நினைவிலிருந்து நழுவுகின்றன என்பதை அனுபவத்தில் கண்டாராம். இந்தப் பழக்கத்தால், தன் கோட்பாட்டுக்கு எதிராகப் பிறர் கிளப்பிய ஆட்சேபங்களில் தான் ஏற்கெனவே கவனித்துப் பதில் தேட முயலாதவை மிகக் குறைவு என்கிறார்.

குறிப்பு எடுக்கும்போது அவருடைய சொற்களிலேயே எடுங்கள். "பெற்றோரின் பதற்றம்" என்று சுருக்கினால் அங்கேயே நம் தீர்ப்பு நுழைந்துவிடுகிறது. "அரைமணி நேரம்தான் நானும் அவளும் சேர்ந்து உட்காரும் நேரம்" என்று எழுதினால் அது ஒரு மாதம் கழித்தும் உறுத்தும்.

படி 5: புரட்டிப் பாருங்கள்

கேட்டாயிற்று, குறித்தாயிற்று. இனி எடை போட வேண்டும். சிக்கல் என்னவென்றால், இரு தரப்பையும் கேட்பதாலேயே மனிதர் நடுநிலைக்கு வந்துவிடுவதில்லை. 1979இல் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் எதிர்க்கும் மாணவர்களுக்கும் ஒரே மாதிரி இரண்டு ஆய்வுச் சுருக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று மரண தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது. மற்றது குறைக்கவில்லை என்றது. படித்து முடித்தபின் இரு குழுவினரும் தங்கள் பழைய கருத்தில் இன்னும் உறுதியாகிவிட்டதாகச் சொன்னார்கள். தங்களுக்குப் பிடித்த ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டதாகத் தெரிந்தது, பிடிக்காத ஆய்வில் ஆயிரம் ஓட்டை தெரிந்தது.

1984இல் லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டன் என்பவரோடு சேர்ந்து இதன் தொடர்ச்சியைச் செய்தார்கள். ஒரு குழுவிடம், "நடுநிலையோடு, பாரபட்சமில்லாமல் மதிப்பிடுங்கள்" என்றார்கள். பலனில்லை. இன்னொரு குழுவிடம், "ஒவ்வொரு இடத்திலும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இதே ஆய்வு, இதே முறையில் செய்து, முடிவு மட்டும் மறுபக்கமாக வந்திருந்தால் இதே மதிப்பைத்தான் கொடுத்திருப்பேனா?" என்றார்கள். இது வேலை செய்தது.

இந்த ஒரு கேள்விக்காகவே இந்த வழிகாட்டியைப் படிக்கலாம் என்பேன். "நேர்மையாக இரு" என்று மனதுக்குச் சொல்வதால் எதுவும் நகர்வதில்லை. முடிவை மட்டும் புரட்டிப் போட்டுப் பார்த்தால் நகர்கிறது.

நம் கட்டுரையாளருக்கு வருவோம். ஹாரிஸ் கூப்பர் குழுவினர் அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட அறிக்கை அவர் கையில் இருக்கிறது. வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பு முதல் வலுவாகவும், ஆறாம் வகுப்பு வரை வலுக்குறைவாகவும் இருந்தது என்பது அதன் கண்டறிதல்களில் ஒன்று. "பார்த்தீர்களா, பயனே இல்லை!" என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. புரட்டிப் பார்க்கிறார். சின்ன வகுப்புகளில்தான் தொடர்பு வலு என்று வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "தொடர்பு இருப்பதாலேயே இதனால்தான் அது விளைந்தது என்று ஆகுமா? திணறுகிற பிள்ளை அதே பாடத்துக்கு அதிக நேரம் எடுக்குமே, அதைக் கணக்கில் எடுத்தார்களா? வேறு நாடுகளுக்குப் பொருந்துமா?" என்று குடைந்திருப்பார். அந்தக் கேள்விகள் இப்போதும் அப்படியே பொருந்தும். "பயனே இல்லை" என்பது "பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை" என்று மாறுகிறது. இரண்டுக்கும் நடுவே நிறைய தூரம்.

படி 6: முடிச்சு எங்கே இருக்கிறது?

பல சண்டைகளில் இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். குறிப்புகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இது தகவலில் வந்த வேறுபாடா, எது முக்கியம் என்பதில் வந்த வேறுபாடா, எந்தச் சூழலை மனதில் வைத்துப் பேசுகிறோம் என்பதில் வந்ததா?

ஆசிரியை சொன்னது: "வாசிப்பும் வாய்ப்பாடும் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். வகுப்பு நேரம் பத்தாது." அவர் வீட்டுப்பாடம் என்றபோது நினைத்தது பத்து நிமிட வாசிப்பை. கட்டுரையாளர் நினைத்தது ஐந்து பக்கம் பார்த்து எழுதுவதை. இங்கே உண்மையில் சண்டையே இல்லை. தாய் சொன்னது எது முக்கியம் என்பது பற்றியது. பிள்ளையோடு உட்காரும் நேரம் அவருக்குத் தேர்ச்சியை விடப் பெரிது. இதை ஆய்வு முடிவால் மறுக்க முடியாது, மறுக்கவும் தேவையில்லை.

தந்தை சொன்னதுதான் கட்டுரையாளரை ஆட்டிவிட்டது. "வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு வீட்டுப்பாடம் அநியாயம்" என்பது கட்டுரையாளரின் முக்கியமான வாதம். அந்தத் தந்தையோ, "சார், பள்ளி கொடுக்கிறத நிறுத்திட்டா வசதி உள்ளவங்க தனி வகுப்பு வெச்சுக்குவாங்க. எம் புள்ளைக்கு இந்த நோட்டு ஒண்ணுதான் இருக்கு. அதையும் பிடுங்குறீங்க" என்றார். யாருக்காகப் பேசுவதாக இவர் நினைத்தாரோ அவரே எதிரே நிற்கிறார். இந்த மாதிரி இடம் வந்தால் அவசரப்பட்டுப் பதில் தேட வேண்டாம். ஓரிரு நாள் அப்படியே கிடக்கட்டும். கட்டுரையின் உயிர் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

மூன்றாம் வகை, அதாவது சூழல் வேறுபாடு, அறிஞர்களிடையேகூட எவ்வளவு சகஜம் என்பதற்கு டேனியல் கானமன், கேரி கிளைன் இருவரின் கதை நல்ல சான்று. நிபுணர்களின் உள்ளுணர்வை நம்பலாம் என்பது கிளைன் தரப்பு. தீயணைப்புக் குழுத் தலைவர்கள் நொடியில் சரியாக முடிவெடுப்பதை அவர் ஆராய்ந்தவர். நம்பக் கூடாது என்பது கானமன் தரப்பு. நிபுணர் கணிப்புகள் தொடர்ந்து பொய்ப்பதை அவர் பார்த்தவர். இருவரும் பல ஆண்டுகள் சேர்ந்து பேசி 2009இல் ஒரே கட்டுரையை வெளியிட்டார்கள். சூழலில் ஓர் ஒழுங்கு இருந்து, செய்தது சரியா தப்பா என்று கற்றுக்கொள்ளப் போதிய வாய்ப்பும் கிடைத்திருந்தால் உள்ளுணர்வை நம்பலாம், இல்லாவிட்டால் கூடாது என்று முடிந்தது. யாரும் தோற்கவில்லை. "நம்பலாமா கூடாதா" என்ற கேள்வி "எப்போது நம்பலாம்" என்று மாறியது, அவ்வளவுதான். எழுதுகிறவருக்கு "எப்போது" என்ற சொல் பெரிய துணை.

படி 7: எழுத்தில் கொண்டுவருவது

கேட்டதையெல்லாம் கட்டுரையில் கொட்டக் கூடாது. "சிலர் இப்படிச் சொல்கிறார்கள், வேறு சிலர் அப்படிச் சொல்கிறார்கள்" என்று போகும் கட்டுரையைப் படித்தால் தூக்கம்தான் வரும். எழுதியவர் எங்கே நிற்கிறார் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

தமிழில் இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலாசிரியர் கைக்கொள்ளும் எழுவகை மதங்களை, அதாவது கொள்கைகளை, சொல்கிறார். உடன்படல், மறுத்தல் இரண்டும் முதலில் வருகின்றன. அடுத்தது, பிறர் மதத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. இருவர் மாறுபடும் இடத்தில் ஒருபக்கம் துணிவதும் பட்டியலில் உண்டு. எதிர்க்கருத்தைக் கையாள மறுத்தல் ஒன்றே வழி என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம். அதே நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை இரண்டு பகுதியாகப் பிரித்தார். முதல் பகுதியான பரபக்கம் முழுக்கப் பிற மதங்களுக்கு. உலகாயதன் (கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்புபவன்) மதம் என்று ஒரு பகுதி. அதன் மறுதலை என்று தனியே ஒரு பகுதி. எதிராளி பேசும்போது அவர் வாக்கியத்துக்கு நடுவே குறுக்கிடுவதில்லை. சொல்லி முடிக்க விட்டுவிட்டு அப்புறம்தான் மறுப்பு. இன்றைக்கும் இதுதான் சரியான முறை. எதிர்வாதத்துக்குத் தனிப் பத்தி கொடுங்கள். அந்தப் பத்திக்குள் "ஆனால்" வரக் கூடாது.

அந்தப் பத்தி நேர்மையானதா என்று பார்க்க ஒரு சோதனை. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும் இல்லையென்றால் அதைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி போயிருக்கும். அதுபோல, எதிர்த்தரப்பார் எழுதியதெல்லாம் அழிந்து உங்கள் கட்டுரை மட்டும் மிஞ்சினால், அவர்கள் ஏன் அப்படி நம்பினார்கள் என்று பின்னால் வருபவருக்குப் புரியுமா? "முட்டாள்தனத்தால்" என்பதுதான் பதிலாகக் கிடைக்கும் என்றால் திருத்தி எழுதுங்கள்.

ஆட்சேபத்தை எவ்வளவு வலுவாகச் சொல்வது? எதிராளி சொல்வதை விட ஒரு பங்கு கூடுதலாகச் சொல்லலாம். 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் டார்வின் ஒரு முழு அத்தியாயத்தைத் தன் கோட்பாட்டின் சிக்கல்களுக்கே ஒதுக்கினார். கண் போன்ற நுட்பமான உறுப்பு இயற்கைத் தேர்வால் உருவாகியிருக்கும் என்பது கேட்பதற்கு உச்சகட்ட அபத்தமாகத் தோன்றுகிறது என்று தானே ஒப்புக்கொள்கிறார். அதன்பிறகுதான், எளிய கண்ணிலிருந்து சிக்கலான கண் வரை படிப்படியான நிலைகள் இருந்து, ஒவ்வொன்றும் அந்த உயிருக்குப் பயன்பட்டிருந்தால் அந்தத் தடை நிஜமல்ல என்று காட்டுகிறார். 1871இல் ஜார்ஜ் மிவார்ட் என்பவர் கடுமையாக மறுத்து ஒரு நூல் எழுதியபோது, 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் பதில் சொல்லவே புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். இப்படி எழுதுவதில் ஓர் அபாயமும் உண்டு. கண்ணைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து, "பாருங்கள், டார்வினே ஒப்புக்கொண்டார்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்குப் பயந்து ஆட்சேபத்தை மென்று விழுங்கினால் அக்கறையான வாசகரை இழப்போம். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நம் கட்டுரையாளரின் முதல் வரைவு இது:

"தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் என்பது கொடுமை. நாளெல்லாம் வகுப்பில் அடைபட்டுக் கிடந்த பிள்ளை வீட்டுக்கு வந்தும் நோட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இதனால் எந்தப் பயனும் இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. விளையாட வேண்டிய வயதில் விளையாட விடுங்கள்."

மூன்று பேரையும் கேட்டபின் எழுதியது:

"தொடக்க வகுப்புகளில் எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதை நிறுத்தலாம், பத்து நிமிட வாசிப்பு தொடரட்டும், அதைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே செய்யலாம். இந்த வயதில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் வலுவான தொடர்பு இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. பள்ளி கொடுப்பதை நிறுத்தினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி வகுப்பு கிடைக்கும், என் பிள்ளைக்கு ஒன்றுமே கிடைக்காது என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான பயம். அந்த எழுத்து வேலையைப் பள்ளி நேரத்துக்குள், ஆசிரியர் உடனிருக்க முடிக்க வழி செய்த பிறகே நிறுத்த வேண்டும். அந்த வழி இல்லாத பள்ளியில் இப்போதைக்கு வீட்டுப்பாடம் இருப்பதே மேல்."

முதல் வரைவில் வேகம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கைதட்டலும் அதற்குத்தான் அதிகம் கிடைக்கும். ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு தலைமையாசிரியர் நாளைக் காலை என்ன செய்ய முடியும்? இரண்டாவதில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது, எந்த நிபந்தனையோடு என்று மூன்றும் இருக்கின்றன. "கொடுமை" போய்விட்டது, யாரும் எடுக்கச் சொல்லவில்லை, தேவையில்லாமல் போனதால் தானாக உதிர்ந்தது. கடைசி வரி எழுதியவரின் ஆரம்பக் கருத்துக்கே எதிரானது. இந்த வரி அந்தத் தந்தையைக் கேட்காமல் வந்திருக்காது.

எங்கே நிறுத்துவது?

எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பது சோம்பேறித்தனமான பேச்சு. சான்று ஒருபக்கமாகக் குவிந்துகிடக்கும் விஷயத்தில் சரிசமமாக இடம் கொடுப்பது வாசகரை ஏமாற்றுவது. புகைப்பதால் புற்றுநோய் வரும் என்பது நிறுவப்பட்ட பிறகும் அமெரிக்கப் புகையிலைத் தொழில் பல ஆண்டுகள் "இன்னும் விவாதம் முடியவில்லை" என்றே பேசிக்கொண்டிருந்தது. சந்தேகம்தான் நம் சரக்கு என்று 1969ஆம் ஆண்டின் ஓர் உள்குறிப்பில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தார்கள். இப்படிச் சரக்காக விற்கப்படும் எதிர்க்கருத்தை அடையாளம் காண ஒரு கேள்வி உதவும்: இவருடைய எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டால் இவர் நகர்வாரா, அல்லது புதுக் கேள்வி ஒன்றோடு அதே இடத்தில் நிற்பாரா? அதேபோல், உங்களை மனிதராகவே மதிக்காதவரை உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. அந்தக் கருத்தை அறிய வேண்டியிருந்தால் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

நேரத்துக்கும் ஓர் எல்லை வையுங்கள். புதிதாகக் கேட்கும் ஆள் ஏற்கெனவே குறித்ததையே சொல்ல ஆரம்பித்துவிட்டால் போதும், எழுத உட்காரலாம். இன்னும் ஒருவரைக் கேட்கிறேன், இன்னும் ஒன்றைப் படிக்கிறேன் என்று தள்ளிப்போடுவது பல நேரம் எழுதப் பயந்து செய்வது.

கடைசி வேலை: வரைவைத் திருப்பிக் காட்டுவது

வெளியிடுவதற்கு முன் வரைவை அந்த மூவரில் ஒருவருக்கு அனுப்புங்கள். முழுக் கட்டுரையைப் பற்றியும் கருத்துக் கேட்க வேண்டாம். கேட்டால் பழைய விவாதம் முதலிலிருந்து தொடங்கும். அவர் தரப்பைச் சொல்லும் பத்தியை மட்டும் காட்டி, "உங்கள் பக்கத்தை நான் சரியாகச் சொல்லியிருக்கிறேனா, எதையாவது விட்டுவிட்டேனா?" என்று கேளுங்கள். முடிவை அவர் ஏற்க வேண்டியதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் பெரும்பாலும் மாற்றிவிடுவது நல்லது. அந்தச் சொல்லில் நமக்குத் தெரியாமலே ஒரு குத்தல் ஒளிந்திருக்கும். முடிவையே மாற்றச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அவர் சொன்ன காரணத்தைக் குறிப்பேட்டில் அடுத்த கட்டுரைக்கான பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.